வம்சத்துக் கால்

எங்கள் வம்சத்து ஆண்களுக்கு ஒரு கால் சாமிக்குச் சொந்தம். இதைச் சொல்லும்போது எங்கள் பங்காளிகள் யாரும் அழுது நான் பார்த்ததில்லை. மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, ஏதோ பட்டம் கிடைத்த மாதிரிதான் சொல்வார்கள். தாத்தாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. பெரியப்பாவுக்கு இடது கால். அது போன ஆறாம் மாதம் அவரும் போனார். ஐம்பத்தைந்தைத் தாண்டிய ஆண் என்று சொல்ல ஊரில் எங்கள் பங்காளிகளில் ஒருத்தர்கூட இல்லை. "எங்காளுக கிழடு தட்டிக் கெடக்க மாட்டாக" என்று சித்தப்பா பெருமையடிப்பார். கிழடு தட்டுவதற்குள் அழுகிப்போவதில் என்ன பெருமை என்று எனக்குப் பத்து வயதிலேயே கேட்கத் தோன்றியது. கேட்டேன். அம்மா வாயிலேயே ஒன்று போட்டாள்.

இதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தார்கள். எரியோட்டுப் பக்கம் எங்கள் பூர்வீக ஊர். ஊருக்கு வெளியே பனைகளுக்கு நடுவில் குலசாமி. என் பூட்டன் காலத்தில் பங்கு பிரிப்பதில் பங்காளிகளுக்குள் வாய்த்தகராறு முற்றி, பூட்டன் கோபத்தில் பொங்கல் பானையைக் காலால் எத்திவிட்டாராம். எத்தின காலைச் சாமி கேட்டதாம். அவர் காலை மட்டும் கேட்டிருந்தால் நியாயம். வம்சத்து ஆண்கள் எல்லோர் காலையும் சேர்த்துக் கேட்டதாம். அதற்குப் பரிகாரம் ஆடி மாதத்தில் மூன்று நாள் பொங்கல். மண்டை வெல்லம் தட்டிப் போட்டு, நெய் விட்டு, கரண்டி நட்டால் நிற்கிற பதத்தில் இறக்கி, ஆண்கள் மட்டும் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மூன்று நாளும் அங்கேயேதான் தங்கல், வேறு சாப்பாடு கிடையாது. ஆளுக்கு ஒரு பங்கு. அதில் ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது. வேறு வம்சத்தார் வாயிலும் படக் கூடாது. பெண்கள் அடுப்பு மூட்டலாம், தண்ணீர் சுமக்கலாம், பானை கழுவலாம், தின்னத்தான் கூடாது. பிறந்த பெண் நாளைக்கு வேறு வீட்டுக்குப் போகிறவள்; வாக்கப்பட்ட பெண் வேறு வீட்டிலிருந்து வந்தவள். ஆக, இரண்டு பேரும் வம்சம் இல்லை.

சர்க்கரை வியாதியில் கால் போன குடும்பம், கால் போகாமல் இருக்க மூன்று நாள் வெல்லப் பொங்கல் தின்றது. இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. தெரியாமல் தின்றார்கள், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அப்பாவுக்கு வந்தபோது இன்னதுதான் என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் தின்னச் சொன்னார்களே, அதை என்னால் இன்றைக்கும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அப்பா திண்டுக்கல்லில் புகையிலை மண்டி வைத்திருந்தார். தாத்தா காலத்திலேயே தோட்டத்துப் புகையிலையில் நாலு காசு சேர்ந்து டவுனுக்கு வந்துவிட்டோம். சித்தப்பா ஊரிலேயே தங்கி நிலத்தையும் சாமியையும் பார்த்துக்கொண்டார். டவுனுக்கு வந்ததும் எங்கள் வீட்டில் முதலில் விட்டது கம்பை. அப்புறம் நடையை. மூன்று வேளையும் அரிசி. பொழுதுக்கும் காப்பி, ஒவ்வொன்றிலும் சீனி தூக்கலாக. மண்டியில் மெத்தை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் சாத்துகிற நேரம்வரை எழுந்திருக்க மாட்டார். வீட்டுக்கும் மண்டிக்கும் கூப்பிடு தூரம்தான். அதற்கும் குதிரைவண்டி. நடந்து போனால் "மண்டிக்காரர் நொடிச்சுப் போயிட்டாரோ" என்று கடைத்தெருவில் பேசிவிடுவார்களாம். ஊர் பேசிவிடும் என்று பயந்து பயந்தே உட்கார்ந்த இடத்தில் பருத்த மனிதர் அவர்.

நயா பைசா வந்த புதிது அது. மகளான எனக்குப் பதினேழு வயது, அப்பாவுக்கு ஐம்பது நெருக்கம். அவருக்குத் தாகம் வந்தது. சொம்பு போதாமல் பானையையே பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். பின்கட்டில் அவர் ஒதுங்குகிற இடத்தில் எறும்பு மொய்த்தது. வண்டிப் படியில் இடித்துக்கொண்ட இடது கால் கட்டைவிரல் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. அம்மா மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டுப் பார்த்தாள். வாடை வர ஆரம்பித்தது. ஊரிலிருந்து வந்த சித்தப்பா குனிந்து பார்த்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"கேக்க ஆரம்பிச்சிருச்சுண்ணே" என்றார்.

அப்பா காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டு, "ஆடிக்கு வந்து பாத்துக்கலாம்ப்பு" என்றார். சித்தப்பா போன பிறகு அவர் அந்த விரலைத் தனியாக உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பெரிய மனுஷர், மீசைக்காரர், பயந்துபோய் இருந்தார். எனக்குக் கோபம் வந்தது. சாமி மேலா, சித்தப்பா மேலா, அப்பா மேலா என்று தெரியவில்லை. எல்லார் மேலும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் குதிரைவண்டியில் அப்பா ஏறினதும் நானும் ஏறிக்கொண்டேன். வண்டிக்காரரிடம் முன்னமே சொல்லி வைத்திருந்தேன். வண்டி மண்டிக்குப் போகாமல் டாக்டர் வீட்டு வாசலில் போய் நின்றது. இறங்க மாட்டேன் என்று நடுத்தெருவில் அப்பாவால் சண்டை போட முடியாது. நாலு பேர் பார்ப்பார்கள். ஊருக்குப் பயந்த மனிதரை ஊரை வைத்துத்தான் மடக்க முடியும்.

டாக்டர் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அப்பாவின் சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டு, விளக்கில் காட்டிக் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. அப்பா அதை வெறித்துப் பார்த்தார். தன் உடம்புக்குள்ளேயிருந்து செங்கல் வந்ததை அவர் எதிர்பார்க்கவில்லை.

"சீனி வியாதிங்க. ரொம்ப நாளா இருந்திருக்கு" என்றார் டாக்டர். "உங்க குடும்பத்துல வேற யாருக்கு இருந்துச்சு?"

அப்பா தாத்தாவைச் சொன்னார், பெரியப்பாவைச் சொன்னார், கூடவே பானையை எத்தின கதையையும் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. "ரத்தத்துல வர்றதுதான். அப்பாவுக்கு இருந்தா பிள்ளைக்கு வர வாய்ப்பு ஜாஸ்தி. ஆனா வந்தே தீரும்னும் இல்லை, வந்தா கால் போயே தீரும்னும் இல்லை. என்ன சாப்பிடுறீங்க, எவ்வளவு நடக்குறீங்கங்கறதுல பாதி இருக்கு" என்றார்.

"பொம்பளைகளுக்கும் வருமா?" என்று நான் கேட்டேன்.

"ரத்தத்துல ஆம்பளை ரத்தம், பொம்பளை ரத்தம்னு ரெண்டு இருக்கா?"

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். "தொப்பம்பட்டி அத்தைக்குக் கண்ணு தெரியலைன்னு சொன்னாகளே" என்றேன். அப்பாவின் அக்கா அவர். தாய் செத்த பிறகு அப்பாவை இடுப்பில் வைத்து வளர்த்தவர். அப்பா கையை ஆட்டி, "அவளுக்குச் செத்த மங்கல், அம்புட்டுத்தான். அவ வேற வீட்டுக்குப் போனவ, அவளை எதுக்கு இதுல இழுக்குற" என்றார்.

டாக்டர் சொன்னபடி அரிசியை ஒரு வேளையாக்கி, சீனி, வெல்லம், கருப்பட்டியை அடியோடு விட்டு, கம்பும் கேழ்வரகும் காயும் அளவாகச் சாப்பிட வேண்டும். புண்ணுக்குக் கட்டுப் போட வேண்டும். புண் ஆற ஆற நடக்க வேண்டும். தினமும் ஊசி. ஆடிப் பொங்கலைப் பற்றி நானே டாக்டரிடம் சொன்னேன். "மூணு நாள் ஊசி இல்லாம அதையும் தின்னுட்டு வந்தா, அப்புறம் நான் கத்தியைத்தான் எடுக்கணும்" என்றார். அப்போது வைகாசி. ஆடிக்கு இரண்டு மாதம் இருந்தது.

அம்மாவுக்கு வியாதியைவிடக் கம்பு பெரிய கவலையாகிவிட்டது. கம்பை உரலில் போட்டுக் குத்தினால் தெருவுக்கே கேட்கும். அரிசி வாங்க வக்கில்லாமல் போய்விட்டது என்று நினைப்பார்கள். உரலுக்கு அடியில் சாக்கை மடித்துப் போட்டு, கதவைச் சாத்திவிட்டு, திருடுகிற மாதிரி குத்தினாள். நான் நாலு நாள் பார்த்தேன். ஐந்தாம் நாள் பட்டப்பகலில் வாசல் கதவை அகலத் திறந்துவைத்து, சாக்கை உருவி எறிந்துவிட்டு, ஓங்கி ஓங்கிக் குத்தினேன். எதிர்வீட்டு அம்மாள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னத்தா, கம்பா?"

"ஆமா. அப்பாவுக்குச் சீனி வியாதி. உங்களுக்கும் ரெண்டு படி குத்தித் தரட்டா?"

அம்மா அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். மூட முடியாத வாய்க்கு நாமே நாலு விஷயத்தை எடுத்துப் போட்டுவிட்டால், அது மென்றுவிட்டு அடங்கிவிடும். இது என் அனுபவம்.

அப்பா கம்பஞ்சோற்றை முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டார். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று ஆகாது, இரண்டில் ஒன்றைப் பாருங்கள் என்று நான் சொன்னதற்கு, "உன் வாய்க்கு எவன் வந்து மாட்டப் போறானோ" என்றார். ஆனால் சாப்பிட்டார். டாக்டரிடம் நீல மருந்தும் கண்ணாடிக் குழாயும் வாங்கிவந்து நானே வாரத்துக்கு இரண்டு முறை காய்ச்சிப் பார்த்தேன். செங்கல் ஆரஞ்சானது. ஆரஞ்சு மஞ்சளானது. விரலில் வாடை நின்று, ஓரத்தில் சிவப்பாகப் புதுத்தோல் வந்தது.

அம்மாவிடம் அதைக் காட்டினேன். "சாமி மனசு எறங்குது" என்றாள் அம்மா. எனக்குத் தலையைக் கொண்டுபோய் உரலில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

சிறுமலையில் எங்கள் பங்காளி ஒருவர் இருந்தார், அப்பாவுக்கு அண்ணன் முறை. வாலிபத்தில் சொத்துத் தகராறில் கோபித்துக்கொண்டு வெறுங்கையோடு மலையேறியவர். வாழையும் மிளகும் போட்டு, கேழ்வரகுக் களி தின்று, வாழைத்தார் சுமையோடு ஏறி இறங்கியே பிழைத்தார். அறுபதைத் தாண்டியும் இரண்டு காலோடு சந்தைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். அவரைப் பங்காளிகள் பேச்சில் சேர்ப்பதில்லை. அவரும் அதே பூட்டன் வம்சம்தானே, அவர் காலை ஏன் சாமி கேட்கவில்லை என்று சித்தப்பாவிடம் கேட்டேன். "அவன்தான் பொங்கலுக்கே வாரதில்லையே, நம்ம எல்லையை விட்டுப் போனவன்" என்றார். "சாமிக்கு மலையேறத் தெரியாதா சித்தப்பா?" என்றேன். பொட்டப்பிள்ளையைப் படிக்கவைத்தது தப்பு என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஆனி மாதத்தில் தொப்பம்பட்டி அத்தை வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து. அப்பா புண்ணோடு பஸ்ஸில் போக முடியாது. அம்மாவும் நானும் போனோம். பந்தலில் அத்தையைக் காணவில்லை. "அத்தை உள்ளதானுங்க இருக்காங்க, போய்ப் பாருங்க" என்று மருமகள் கையைக் காட்டினாள். அம்மா பந்தலில் உட்கார்ந்துவிட்டாள். நான் மட்டும் உள்ளே போனேன். அத்தை கட்டிலில் போர்வையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார். எனக்கு அந்த வாடை தெரியும். இரண்டு மாதம் அதோடு இருந்தவள் நான். போர்வையைத் தூக்கினேன். வலது காலில் பாதிப் பாதம் இல்லை. பழைய சேலைத் துணியால் சுற்றியிருந்தது.

"எப்ப அத்தை?"

"ரெண்டு வருசம் ஆச்சு சாமி. பழனிக்குக் கூட்டிட்டுப் போயி எடுத்தாங்க."

"அப்பாகிட்ட ஏன் சொல்லலை?"

"என்னத்தைச் சொல்றது? இங்க, பொறந்த வீட்டுச் சாபத்தைச் சுமந்துக்கிட்டு வந்தவன்னு சொல்றாங்க. அங்க சொன்னா, அது ஆம்பளைகளுக்குத்தான், நீ வேற வீட்டுக்காரின்னு சொல்வாங்க. ரெண்டு வீட்டுலயும் என் காலு சேத்தி இல்லை கண்ணு."

அப்புறம் என் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்து, தம்பியிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினார். "அவனுக்கே விரல்ல புண்ணுங்குற. இதைக் கேட்டா உடைஞ்சு போயிருவான்." நான் சத்தியம் செய்தேன். திரும்பி வருகிற பஸ்ஸில் ஒட்டன்சத்திரம்வரை அழுதேன். அம்மாவிடம் கண்ணில் தூசி என்றேன். அத்தைக்கு யாரும் நீல மருந்து காய்ச்சவில்லை. சாமி ஆணைத்தான் கேட்கும் என்று சொல்லிச் சொல்லி, பெண்ணைப் பார்க்கவே ஆளில்லாமல் செய்துவிட்டார்கள்.

ஆடி வந்தது. அப்பாவைப் போகாதீர்கள் என்று கெஞ்சினேன், சண்டை போட்டேன், ஒரு நாள் சாப்பிடாமலும் கிடந்தேன். அவர் அசையவில்லை. "புண்ணு ஆறுற நேரத்துல சாமியைப் பகைச்சுக்கச் சொல்றியா? போன வருசம் வரைக்கும் தின்னவன் இந்த வருசம் தின்னலைன்னா, நாளைக்கு என் தம்பி காலுக்கு எதாச்சும் ஆனா யாரு பதில் சொல்றது?" என்றார். அவர் தனக்காக மட்டும் பயப்படவில்லை. ஊசி மருந்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். சாமி எல்லைக்குள் ஊசி ஆகாதாம்.

முதல் நாள் உச்சிப் பொழுது. பெரிய பானை இறங்கியது. ஆண்கள் பதினாலு பேர் வாழையிலை போட்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். பெண்கள் புளியமரத்துப் பக்கம் ஒதுங்கி நின்றோம். சித்தப்பா அகப்பையால் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். அப்பா இலையில் மூத்தவர் என்று ஒரு அகப்பை கூடுதலாக விழுந்தது. நெய் வழிந்தது. அப்பா இலையைப் பார்த்தார். கும்பிட்டுவிட்டுக் கையை நீட்டினார். கால் கட்டைவிரலுக்கு நான் சுற்றிவிட்ட கட்டு வேட்டிக்கு வெளியே வெள்ளையாகத் தெரிந்தது.

நான் எப்படி அங்கே போனேன் என்று நினைவில்லை. போய் அவர் முன்னால் உட்கார்ந்து, இலையை என் பக்கம் இழுத்து, ஒரு உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். நாக்கு பொத்துப்போகிற சூடு. முதல் உருண்டை தொண்டையில் இறங்குவது எனக்கே கேட்டது. இரண்டாவது உருண்டையை எடுக்கும்போதுதான் சித்தப்பாவுக்கு வாய் வந்தது.

"ஏலே, அவளைப் பிடிச்சு இழுங்கடா. தீட்டாக்கிட்டா. வம்சப் பங்குல வாய வச்சுட்டா."

"நானும் வம்சந்தான்" என்றேன், வாயில் பொங்கலோடு.

"நீ வேற வீட்டுக்குப் போறவ."

"வியாதி அதெல்லாம் பாக்கலையே சித்தப்பா. தொப்பம்பட்டி அத்தைக்குப் பாதிக் காலு போச்சு. ரெண்டு வருசமாச்சு. அவுக எந்த வருசம் இங்க வந்து பானைய எத்துனாக? எந்த வருசம் இந்தப் பொங்கலைத் திங்காம விட்டாக? அவுகளுக்குத்தான் நீங்க பங்கே குடுக்கலையே."

என்னை அடிக்க அப்பா கையை ஓங்கியிருந்தார். அந்தக் கை அப்படியே நின்றது.

"யாருக்கு?" என்றார்.

"உங்க அக்காவுக்கு. கண்ணும் தெரியலை. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்குனாக."

சொல்லிவிட்டேன். சத்தியத்தை மீறினது தப்புதான். அதற்காக நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. மறுபடியும் அதே இலை முன்னால் உட்கார வைத்தால் மறுபடியும் மீறுவேன். அப்பா கையை இறக்கி, இலையைப் பார்க்காமல், தன் தம்பியைப் பார்த்தார். "நம்மக்கா காலு போயிருச்சாம்டா" என்றார். சின்னப் பிள்ளை புகார் சொல்கிற குரல் அது. பிறகு தரையில் கையை ஊன்றி எழுந்தார்.

"உக்காருண்ணே. பாதியில எந்திரிக்கக் கூடாது."

"அவளுக்கு இல்லாத பங்கு எனக்கும் வேணாம்."

"அப்ப ரெண்டு பேரும் இனிமே இந்த எல்லையை மிதிக்கக் கூடாது. சொல்லிப்புட்டேன்" என்றார் சித்தப்பா. கெட்டவர் இல்லை அவர். அண்ணன் செத்துப்போவான் என்று நிஜமாகவே பயந்தார்.

நாங்கள் வந்த மாட்டுவண்டி சித்தப்பாவுடையது, அதில் திரும்ப முடியாது. அம்மாவைப் பெண்கள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அப்பாவும் நானும் எரியோட்டு ரோட்டுக்கு நடந்தோம். மெதுவாகத்தான் நடந்தார். வழியில் இரண்டு இடத்தில் நான் வாந்தி எடுத்தேன். அந்தப் பொங்கலை ஆண்கள் எப்படி மூன்று நாள் தின்றார்களோ, சாமிக்கே வெளிச்சம். அப்பா என் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"சத்தியத்தை மீறுனா நரகம்னு சொல்வாக" என்றார்.

"போறேன். நீங்க ரெண்டு காலோட இருங்க."

அடுத்த வாரமே அப்பா கட்டுப் போட்ட காலோடு தொப்பம்பட்டிக்குப் பஸ் ஏறினார். அத்தையைத் திண்டுக்கல்லுக்கே கூட்டிவந்து அதே டாக்டரிடம் காட்டினார். அத்தைக்குக் கண் திரும்பவில்லை. மற்ற காலுக்கு ஒன்றும் ஆகாமல் நாலு வருஷம் எங்கள் வீட்டில் இருந்து, அப்பா மடியில் செத்துப்போனார்.

விரல் கார்த்திகைக்குள் ஆறிவிட்டது. அப்பா குதிரைவண்டியை நிறுத்தினார். முதலில் ஆள் பார்க்காத நேரத்தில் மலைக்கோட்டை அடிவாரத்தைச் சுற்றி நடந்தார். பிறகு வெட்கம் விட்டுப்போய், செருப்பைச் சரக் சரக்கென்று தேய்த்துக்கொண்டு நட்ட நடுக் கடைத்தெருவில் நடந்தார். "மண்டிக்காரர் நொடிச்சுட்டாரா" என்று கேட்டவனிடம், "ஆமாப்பா, காலைத் தவிர மத்ததெல்லாம் போச்சு" என்றார். எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது.

ஊசி கடைசிவரை நிற்கவில்லை. வியாதியும் போகவில்லை, அது போகிற வியாதி இல்லை. எனக்கும் பின்னால் வந்தது, அறுபத்துச் சொச்ச வயதில். ரத்தம் தன் பங்கை விட்டுக்கொடுக்காது. எப்போது வாங்குவது, எவ்வளவு வாங்குவது என்பதில் நமக்கும் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைப் பேசாமல் விதி, சாபம், வம்சம் என்று உட்கார்ந்து தின்கிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

அத்தை போன மறுவருஷம் சித்தப்பாவுக்குக் கால் எடுத்தார்கள். அதற்கு முன்னால் நான் நீல மருந்தை எடுத்துக்கொண்டு ஊருக்கே போய்ப் பார்த்தேன். எல்லையை மிதிக்காதே என்றவர்கள் வீட்டை மிதித்தேன். "சாமி கோபத்தைக் கண்ணாடிக் குழாயில காய்ச்சிப் பாக்குறியா? போத்தா" என்று திருப்பி அனுப்பினார். நான் பங்கைத் தின்றதால்தான் அவர் கால் போனது என்று பங்காளிகள் பேசினார்கள். அவர் ஒரு வருஷம்கூடப் பொங்கலை விடவில்லை. எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. இரண்டில் எது முதலில் என்று கேட்டால் கோபம்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசியில் அப்பா ஒரு விஷக்காய்ச்சலில் ஐந்து நாள் படுத்து இறந்துபோனார். அவருக்கு வயது அறுபத்தொன்று முடிந்திருந்தது. சேதி போய், பங்காளிகள் வண்டி கட்டி வந்தார்கள். அந்த ஆடிப் பொங்கலுக்குப் பிறகு எங்கள் வாசலை மிதிக்காத சித்தப்பா, கக்கத்தில் கட்டையை வைத்து ஊன்றிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார். குளிப்பாட்டி, நெற்றியில் காசு வைத்து, கைகளைக் கட்டினார்கள். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துத் துணியால் கட்டுவது வழக்கம். கட்டப்போன பையனைச் சித்தப்பா விலக்கிவிட்டு, கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"ஏத்தா, துணி" என்றார் என்னிடம்.

அப்பாவின் வேட்டி ஓரத்தைக் கிழித்துக் கொடுத்தேன். அவருக்குக் கட்டத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் போன ஆண்களுக்கு அதுவரை யாரும் கட்டிப் பழக்கமில்லை. ஒருவருக்கும் கட்ட இரண்டு விரல் இருந்ததில்லை. ஒருமுறை கட்டினார், நழுவியது. அவிழ்த்து மறுபடி கட்டினார். புண் ஆறின தழும்பு மேல் அவர் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

"இறுக்கமா இருக்கா பாரு" என்றார்.

"இருக்கு சித்தப்பா."

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கோடித் துணியை இழுத்துக் காலை மூடப் போனார். பங்காளி வீட்டு ஆண்களும் பெண்களும் சுற்றி நின்றிருந்தார்கள். எல்லோரும் பார்க்கட்டும் என்று நான் குனிந்து, அந்தத் துணியைக் கணுக்காலுக்கு மேலே விலக்கிவிட்டேன்.